ஆறு பத்தா, அஞ்சு நாப்பதா

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க போன்ல மணி எட்டு அஞ்சுன்னு காட்டுது. இப்ப மணி ஒம்பது முப்பத்தஞ்சு. துபாயா? சார்ஜாவா, ரெண்டுக்கும் ஒரே நேரம்தான், நமக்கு ஒன்றரை மணி பின்னாடி. வந்து மூணு நாள் ஆச்சுங்கறீங்க, இன்னும் மாத்தலையா? ஓகோ, வேணும்னுதான் வச்சிருக்கீங்க. வீட்டுக்காரம்மா அங்க இருக்காங்க, எந்திரிச்சிருப்பாங்களான்னு பாத்துத்தான் கூப்பிடணும். சரி, அது நியாயம்.

எனக்கு ஒரு இடத்துல நேரம் தப்பா இருந்தா பாத்துட்டு சும்மா உக்கார முடியாது. தொழில் அப்படி. கடிகாரக் கடை இல்லீங்க. நான் ஜாதகம் கணிக்கிற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதறவன். பேரு ‘துல்லியம்’. திண்டுக்கல், மதுரை, திருச்சின்னு எந்தக் கம்ப்யூட்டர் சென்டர்லயாவது நீங்க ஜாதகம் எடுத்திருந்தா, கடைசிப் பக்கத்துல அடியில சின்ன எழுத்துல கு. தண்டபாணின்னு இருக்கும். அது நான்தான். இருபத்துமூணு வருஷமா ஒத்தை ஆளா எழுதிட்டிருக்கேன். இப்பவும் பழனியில ஒரு சென்டர்ல பிரிண்ட் சரியா வரலைன்னாங்க, அதுக்குத்தான் இந்த பஸ்ல போறேன்.

இவ்வளவு ஏன் சொல்றேன்னா, என்னைப் பத்தி எங்க வீட்டுல ஒரு பேச்சு இருக்கு. என் கணக்கு தப்புன்னு. என் கணக்கால ஒரு குடும்பம் பிரிஞ்சிருச்சுன்னு. நீங்க வெளியாளு, நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க, என் மேல என்ன தப்புன்னு.

ஜாதகம்னா எல்லாரும் கிரகம், கட்டம்னு பேசுவாங்க. அது சுலபம் தம்பி. சந்திரன் எந்த நிமிஷம் எங்க இருக்கும்னு கணக்கு இருக்கு, அது யாரைக் கேட்டும் ஓடல. கஷ்டமெல்லாம் மனுஷன் கடிகாரத்துல. பொறந்த நேரம் ஆறு பத்துன்னு எழுதிக் குடுப்பாங்க. எந்த ஊரு ஆறு பத்து? எந்த வருஷத்து ஆறு பத்து? அதைக் கேக்காம ஜாதகம் போடறவன் எல்லாம் குருட்டாம்போக்குல போடறான். நான் அப்படி இல்ல. என் ப்ரோக்ராம்ல நேரத்தைப் போட்டதும் அது முதல்ல லண்டன் நேரத்துக்கு மாத்திக்கும். அந்த நேரத்தை வச்சுத்தான் கிரகத்தைத் தேடும். பேப்பர்ல அடிக்கும்போது மறுபடி நம்ம நேரத்துக்குக் கொண்டாந்து அடிக்கும்.

அந்த அடிக்கிற வரி இருக்கு பாருங்க, ஒரு வரிதான், அதுக்கு நான் ஆறு மாசம் உழைச்சிருக்கேன். மொதல்ல பதினெட்டு பத்துன்னு ரயில்வே கணக்குல அடிச்சுச்சு. ஜனங்களுக்குப் பிடிக்கல. காலை, பகல், மாலை, இரவுன்னு மாத்தினேன். அப்புறம் சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணின்னு எழுதிட்டு வருவாங்க. கம்ப்யூட்டருக்கு அது ஞாயித்துக்கிழமை. நம்மாளுக்கு விடிஞ்சாத்தான் ஞாயிறு. அதனால ‘சனி இரவு, விடிந்தால் ஞாயிறு’ன்னு அடிக்க வச்சேன். அமெரிக்காவுலேர்ந்து ஒருத்தர் மூணு, நாலுன்னு போட்டு அனுப்புவாரு, அவருக்கு அது மார்ச் நாலு, நமக்கு ஏப்ரல் மூணு. ஒரு பொண்ணுக்கு அப்படி ஒரு மாசம் தள்ளிப் போச்சு. அன்னிக்கே மாசத்தை எண்ணுல வாங்கறதை நிறுத்திட்டேன். எழுத்துலதான் எழுதணும்.

சிங்கப்பூர்ல எண்பத்திரெண்டுக்கு முன்னாடி நேரமே வேற, தெரியுமா உங்களுக்கு? இப்ப இருக்கறதைவிட அரை மணி கம்மி. அதெல்லாம் தேடித் தேடி உள்ள போட்டேன். இவ்வளவு ஏன், நம்ம நாட்டுலயே வெள்ளைக்காரன் சண்டை நேரத்துல மூணு வருஷம் கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளி வச்சிருந்தான். நாப்பத்துமூணுல பொறந்த ஒரு ரிட்டயர்டு தாசில்தார், எழுவது வயசு பீமரத சாந்திக்கு ஜாதகம் எழுத வந்தாரு. அந்த ஒரு மணி நேரத்தைக் கழிச்சுப் போட்டேன், லக்னமே மாறிருச்சு. எழுவது வருஷமா வேற ஒருத்தர் ஜாதகத்துல வாழ்ந்திருக்கேனேன்னு மனுஷன் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. எனக்கு அதுதான் சந்தோஷம். அடுத்தவனோட நேரத்தை அவன்கிட்ட சரியாக் குடுக்கறது.

ஒரே ஒரு தடவை எட்டு நிமிஷம் கையால மாத்தியிருக்கேன். ஒரு மில்காரர் பொண்ணு. ஆஸ்பத்திரி கடிகாரம் முன்னாடி ஓடுச்சுன்னு பெரியவங்க வந்து சொன்னாங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. அது வேற விஷயம்.

இப்ப என் தம்பி விஷயத்துக்கு வர்றேன். தம்பின்னா கூடப் பொறந்த தம்பி. நவநீதன். எனக்கும் அவனுக்கும் பதினாறு வயசு வித்தியாசம். அப்பா போனப்ப அவனுக்கு ஒம்பது வயசு, எனக்கு இருபத்தஞ்சு. அன்னிலேர்ந்து அவனுக்கு ஸ்கூல் பீஸு, செருப்பு, சைக்கிள் எல்லாம் நான்தான். கோயம்புத்தூர்ல படிக்க வச்சேன், அங்கயே சாப்ட்வேர் கம்பெனியில வேலையும் ஆச்சு. எனக்குக் கல்யாணமா? இல்லீங்க, அமையல. முப்பத்தியொரு ஜாதகம் வந்துச்சு. எல்லாத்தையும் நானே பாத்து நானே தள்ளிட்டேன். ஒவ்வொண்ணுலயும் ஏதாவது ஒரு குறை இருந்துச்சு. அதைப் பத்தி எனக்கு வருத்தம் கிடையாது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை தம்பி ஒரு பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தான். அவன் கம்பெனியிலயே டெஸ்டிங்ல இருக்குதாம். கம்சாயினின்னு பேரு. பேரைக் கேட்டதுமே தெரிஞ்சுக்கிட்டேன், சிலோன் பொண்ணுன்னு. ஏழு வயசுல படகுல வந்த புள்ள, அம்மாவோட முகாம்ல இருந்து படிச்சு முன்னுக்கு வந்திருக்கு. எனக்கு அதுல எந்த ஆட்சேபணையும் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். சாதி கேக்கல, சீர் கேக்கல, எதுவும் கேக்கல. பொறந்த நேரம் மட்டும்தான் கேட்டேன். எங்க வீட்டுல அதைக் கேக்கறது காப்பி குடிக்கிறீங்களான்னு கேக்கற மாதிரி.

அதுவும் தயங்காமச் சொல்லுச்சு. தொண்ணூத்தொம்பது மாசி மாசம், காலையில ஆறு பத்து, முல்லைத்தீவுப் பக்கம் புதுக்குடியிருப்பு. என் லிஸ்ட்டுல அந்த ஊரு இல்ல. சிலோன் எல்லாத்துக்கும் கொழும்பு ஒண்ணுதான் வச்சிருந்தேன், அந்தச் சின்ன தீவுக்கு அது போதும். கொழும்புன்னு போட்டேன். என் ப்ரோக்ராமுக்குத் தெரியும், தொண்ணூத்தாறுலேர்ந்து ரெண்டாயிரத்து ஆறு வரைக்கும் அந்த நாட்டுக் கடிகாரம் நம்மளைவிட அரை மணி முன்னாடி. அதனால அங்க ஆறு பத்துன்னா நமக்கு அஞ்சு நாப்பது. கழிச்சுது, போட்டுது, அடிச்சுது. நட்சத்திரம் ஆயில்யம்.

உங்களுக்கே தெரியும், ஆயில்யத்துல பொறந்த பொண்ணு வந்தா மாமியாருக்கு ஆகாதும்பாங்க. எங்க வீட்டுல அம்மா இருக்காங்க. அறுவத்தெட்டு வயசு, சுகர் வேற. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

அந்தப் பொண்ணு பேப்பரை வாங்கிப் பாத்துச்சு. டெஸ்டிங் பண்ற புள்ள இல்லையா, அந்த ஒரு வரியிலதான் கண்ணு போச்சு. ‘பிறந்த நேரம் காலை 6.10, இந்திய நேரம் காலை 5.40’. இது தப்புன்னுச்சு. நான் பொறந்தது மாசி மகத்தன்னிக்கு, அம்மா கோயில் மணி கேட்டுக்கிட்டே பெத்தேன்னு சொல்லுவாங்க, என் நட்சத்திரம் மகம்னுச்சு. மகம் அன்னிக்கு அஞ்சு அம்பத்திரெண்டுக்குத்தான் ஆரம்பிக்குதும்மா, நீ அதுக்குப் பன்னெண்டு நிமிஷம் முன்னாடியே பொறந்துட்டேன்னு நான் பொறுமையாத்தான் சொன்னேன்.

அப்பத்தான் அது அந்தக் கதையைச் சொல்லுச்சு. அரசாங்கம் கடிகாரத்தை மாத்தினது உண்மைதானாம். ஆனா அவங்க இருந்த பக்கம் இயக்கத்துக் கட்டுப்பாட்டுல இருந்துச்சாம், அங்க அந்த மாத்தத்தை யாரும் எடுத்துக்கலையாம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், கடை எல்லாம் பழைய நேரத்துலயே ஓடுச்சாம். பழைய நேரம்னா நம்ம இந்திய நேரம். ஒரே தீவுல சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் ஒரு நேரம். அவங்க அப்பா லாரி ஓட்டுனவராம். சாவடி தாண்டும்போதெல்லாம் கைக்கடிகாரத்தை அரை மணி திருப்பி வச்சுக்குவாராம், திரும்பி வரும்போது மறுபடி திருப்புவாராம்.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நான் மறைக்கல, சிரிச்சேன். ஒரு நாட்டுக்கு ஒரு நேரம்தான்மா, உலகம் பூரா அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க, அந்தப் பட்டியலைத்தான் நானும் வச்சிருக்கேன்னு சொன்னேன்.

நம்மளை மாதிரிதான் பேசிட்டிருந்துச்சு அதுவரைக்கும். அப்ப அவங்க ஊர்ப் பேச்சு வந்துருச்சு.

“அந்த நாட்டு நேரம் எங்கட வீட்டு மணிக்கூட்டுக்கு வரவே இல்லை, அண்ணா.”

நான் அதுக்கு ஒரு பதில் சொன்னேன். எங்க வீட்டுல எல்லாரும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறாங்க. “உங்கப்பா கைக்கடிகாரத்தைத் திருப்பினாருங்கறதுக்காக நான் கிரகத்தைத் திருப்ப முடியுமாம்மா?” அவ்வளவுதான் சொன்னேன். இதுல என்ன கெட்ட வார்த்தை இருக்கு? அதோட அப்பா உயிரோட இல்லைங்கறது எனக்கு அப்பத் தெரியாது. எப்படிப் போனாருன்னு இன்னி வரைக்கும் யாரும் சொல்லல. நானும் கேக்கல. அது ஜாதகத்துக்கு வேண்டியது இல்ல.

அந்தப் பொண்ணு பேப்பரை நாலா மடிச்சு மேசை மேல வச்சுட்டு எந்திரிச்சுருச்சு. தம்பி மட்டும் நின்னான். அந்தப் பய என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது.

“அண்ணே, தாசில்தாருக்கு வெள்ளைக்காரன் எடுத்த ஒரு மணி நேரத்தை எழுவது வருஷம் கழிச்சுத் தேடிக் குடுத்த. இவளுக்கு அரை மணி தர மாட்டேங்கற.”

நான் சொன்னேன், தாசில்தாருக்கு கெசட்டு இருக்கு, இவளுக்கு என்ன இருக்கு. வாய் வார்த்தையை வச்சு நான் ப்ரோக்ராமை மாத்தினா, நாளைக்கு ஊருல இருக்கற எல்லாரும் எனக்கு அரை மணி குடு, எனக்கு முக்கா மணி குடுன்னு வந்து நிப்பான். எட்டு நிமிஷத்தை அவன் அப்ப இழுத்தான். அது வேறன்னு சொல்லிட்டேன்.

அம்மா என்ன சொன்னாங்கன்னு கேக்கறீங்களா? அவங்களுக்கு விவரம் பத்தாது. எனக்கு அறுவத்தெட்டு ஆச்சுடா, ஆயில்யமோ மகமோ, அந்தப் புள்ள வந்து ஒரு வாய் காப்பி போட்டுக் குடுத்தாப் போதும், எனக்கு ஆகாதுன்னு ஏன்டா நீ அழுவறேன்னாங்க. நான் அழுவலீங்க. அவங்களுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் நின்னேன், அவங்களே அப்படிச் சொன்னா நான் என்ன பண்றது. அதுக்காகக் கணக்கு மாறிடுமா?

மூணு மாசத்துல ரெண்டு பேரும் கோயம்புத்தூர்லயே ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. கூப்பிடாம இல்ல, கூப்பிட்டான். அன்னிக்கு எனக்கு தேனியில சர்வீஸ் வேலை. ஒருநாள் தள்ளிப் போட்டிருக்கலாம்தான். நான் ஏன் தள்ளணும்? அம்மா போனாங்க. ரெண்டு நாள்ல வர்றேன்னு பையை எடுத்துக்கிட்டுப் போனவங்க, அங்கயே இருந்துட்டாங்க. இப்ப சுகர் குறைஞ்சிருக்காம். ஆயில்யம் என்ன பண்ணுச்சுன்னு பாத்தியான்னு போன்ல கிண்டல் பண்றாங்க. ரெண்டு வருஷம் பத்தாதும்மா, இதெல்லாம் மெதுவா வேலை செய்யும்னு நான் சொன்னேன். அம்மா போனை வச்சுட்டாங்க.

வீட்டுல நான் மட்டும்தான் இப்ப. சமைக்கத் தெரியும். ஒண்ணும் குறை இல்ல.

இதுக்கு நடுவுல போன வருஷம் திருச்சியிலேர்ந்து ஒரு சென்டர்காரர் கூப்பிட்டாரு. அவர்கிட்ட முகாம் ஜனங்க நிறைய பேர் ஜாதகம் எடுக்கறாங்க. வன்னியில, முல்லைத்தீவுப் பக்கம் பொறந்தவங்க பதினொரு பேருக்கு உங்க ப்ரோக்ராம்ல போட்டா நட்சத்திரம், லக்னம் ஏதாவது ஒண்ணு இடிக்குது, அவங்க ஊர்ல கையால எழுதிக் குடுத்த குறிப்போட ஒத்து வரல, பதினொரு பேருக்கும் அரை மணிதான் வித்தியாசம்னாரு. பதினொரு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவங்க.

கஸ்டமர் கம்ப்ளெயிண்ட்டு. அதைப் பாத்துத்தானே ஆகணும். எல்லா நாட்டு நேரத்தையும் எழுதி வச்சிருக்கற பட்டியல் ஒண்ணு இருக்கு, உலகத்துல ப்ரோக்ராம் எழுதறவன் எல்லாரும் அதைத்தான் எடுத்துக்குவான். நானும் அதுலேர்ந்துதான் எண்ணை எடுத்தேன். அதை மறுபடி திறந்து இலங்கைப் பகுதியைப் பாத்தேன். எண்ணுக்கு மேல நாலஞ்சு வரி குறிப்பு மாதிரி எழுதியிருக்கு. கம்ப்யூட்டர் அந்தக் குறிப்பைத் தாண்டிப் போயிடும், மனுஷன் படிக்கறதுக்காக எழுதினது. அதுல இருக்கு. இயக்கத்துக் கட்டுப்பாட்டுல இருந்த பக்கம் இந்த மாத்தத்தை ஏத்துக்கவே இல்ல, இந்திய நேரத்துலயே கடிகாரத்தை வச்சிருந்தாங்கன்னு. பத்திரிகைச் செய்தியைக் காட்டி எழுதியிருக்காங்க.

பத்து வருஷமா அந்தப் பட்டியல் என்கிட்ட இருக்கு. எண்ணு எனக்கு வேணும், எடுத்துக்கிட்டேன். குறிப்பை யார் படிப்பா?

அப்புறம் பழைய மெயில்ல தேடினேன், வேற ஏதோ தேடும்போதுதான். அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடியே அதே குறிப்பை எனக்கு அனுப்பியிருக்கு. ஒரே ஒரு வரி, ‘அண்ணா, இதைக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்கோ’ன்னு. நான் திறக்கவே இல்ல. அந்த வாரம் எனக்கு வேலை நிறைய.

மாத்தினேன். மாத்தாம விடுவேனா? பதினஞ்சு நாள் உக்காந்தேன். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மல்லாவி, அந்தப் பக்கத்து ஊர் அறுபத்துநாலையும் ஒண்ணு ஒண்ணா ஏத்தினேன். எந்த ஊர் எந்த வருஷம் யார் கையில இருந்துச்சுன்னு தேதி வாரியாப் பாக்கணும், ஏன்னா ஊர் கை மாறினா கடிகாரமும் மாறியிருக்கும். படிச்சேன். இருபத்துமூணு வருஷத்துல நான் அப்படி எதையும் படிச்சதில்ல. தேதியை மட்டும் பாத்துட்டு வரலாம்னு போனா, தேதிக்குப் பக்கத்துலயே எத்தனை பேருன்னும் போட்டிருக்கான். சாப்பாடு இறங்கல சில நாள். வெயில் காலம் வேற.

பேப்பர்ல இப்ப எப்படி அடிக்குதுன்னா, ‘பிறந்த நேரம் காலை 6.10, பழைய நேரம்’. அவ்வளவுதான். கழிக்கறதும் இல்ல, கூட்டறதும் இல்ல. சரியா சாவடி ஓரத்துல இருந்த ஊருக்கெல்லாம் ரெண்டு நேரத்துக்கும் ரெண்டு ஜாதகம் அடிக்கும், குடும்பத்தைக் கேட்டு எடுத்துக்கலாம். ஆமா, வாய் வார்த்தைதான். வேற வழி இல்ல அந்த ஊருக்கு.

இது அந்தப் பொண்ணுக்காகப் பண்ணினது இல்லீங்க. திருச்சி கஸ்டமருக்காகப் பண்ணினது. புது வெர்ஷன் போடும்போது என்ன மாத்தினோம்னு ஒரு குறிப்பு எழுதணும். ‘சில பிழைகள் திருத்தப்பட்டன’ன்னு எழுதினேன். பிழைகள்னு. பிழைன்னு ஒத்தையா எழுதினா அந்தப் பொண்ணு தன் விஷயத்தைத்தான் சொல்றேன்னு நினைச்சுக்கும். வெப்சைட்டுல இருக்கு, யாரு வேணா இறக்கிக்கலாம். அவங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்லதானே இருக்காங்க, இறக்கிப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது. எந்த ஊர்லேர்ந்து இறக்கறாங்கன்னு எனக்குத் தெரியும், கோயம்புத்தூர்லேர்ந்து பதினேழு பேர் இறக்கியிருக்காங்க. அதுல அவங்க இருக்காங்களான்னு மட்டும் தெரியாது. நானா போய் சொல்லணுமா? அண்ணன்காரன் நான்.

ரெண்டு மாசம் முன்னாடி அவங்களுக்குப் பொம்பளைப் புள்ள பொறந்திருக்கு. அம்மா கூப்பிட்டுச் சொன்னாங்க. நான் தேதியைக் குறிச்சுக்கிட்டு, நேரம் என்னன்னு கேட்டேன். வேற என்ன கேப்பேன்? எனக்குத் தெரிஞ்சது அதுதான். அதை மட்டும் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நவநீ சொல்லியிருக்கான்டான்னாங்க.

பாத்துக்குங்க. ஒரு லட்சம் பேருக்கு மேல என் ப்ரோக்ராம்ல நேரம் குடுத்திருக்காங்க. சினிமாக்காரன் குடுத்திருக்கான், கலெக்டர் ஆபீஸ்ல இருக்கறவன் குடுத்திருக்கான். என் சொந்தத் தம்பி புள்ளைக்கு நேரம் எனக்குக் கிடையாது. பர்த் சர்டிபிகேட்டுல தேதி மட்டும்தான் போடுவான், நேரம் இருக்காது, இல்லைன்னா நான் யாரையும் கேக்காம எடுத்துக்குவேன். அன்னிக்குப் பூரா அந்தத் தேதியைப் போட்டு ஒவ்வொரு மணியாத் தள்ளித் தள்ளிப் பாத்துட்டிருந்தேன். இருபத்துநாலு ஜாதகம். எது அந்தப் புள்ளைன்னு தெரியல.

கோவம் வந்து நானே போன் பண்ணினேன். தம்பிக்குத்தான் பண்ணினேன், அந்தப் பொண்ணு எடுத்துச்சு. பின்னாடி குழந்தை அழுவுற சத்தம் கேக்குது. நான் நல்லாருக்கியான்னு கூடக் கேக்கல. குழந்தை பொறந்த நேரம் எனக்கு வேணும், பெரியப்பாங்கற முறையில கேக்கறேன்னு சொன்னேன். நவநீ சொல்லக் கூடாதுன்னிருக்கானாம், அவனுக்கு அந்த உரிமை கிடையாதுன்னும் சொன்னேன்.

அது சத்தம் போடல. கோவப்பட்டுக்கூடப் பேசல.

“அவர் சொன்னா என்ன, நான் சொல்றன் அண்ணா. அதுக்கு முதல் நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ. நான் எத்தினை மணிக்குப் பிறந்தனான்?”

டவர் இல்லைன்னு சொல்லி வச்சுட்டேன்.

அதுலேர்ந்து ஒரு மாசம் ஆச்சு. அது மறுபடி கூப்பிடல, நானும் கூப்பிடல. இப்ப நீங்க சொல்லுங்க, மூத்தவன்கிட்ட இப்படி ஒரு நிபந்தனை போடலாமா? புது வெர்ஷன்ல எல்லாம் திருத்தியாச்சு, உலகத்துக்கே தெரியற மாதிரி போட்டாச்சு, இதுக்கு மேல நான் என்ன வாயைத் திறந்து சொல்லணும்? அம்மா சொல்றாங்க, ஒரு வார்த்தைதானேடா, சொல்லிட்டு வந்து புள்ளையைத் தூக்கிக்கோடான்னு. புள்ளைக்கு உன்னை மாதிரியே காது மடங்கியிருக்குன்னும் சொல்றாங்க. என்னை இழுக்கறதுக்காகச் சொல்றது அதெல்லாம்.

ஆமா, இந்த பஸ் நேரா கோயம்புத்தூர்தான் போகுது. எனக்கும் தெரியும். நீங்க சிங்காநல்லூர்ல இறங்குவீங்க, அங்கேருந்து பத்து நிமிஷம் அவங்க வீடு. அட்ரஸ் என்கிட்ட இருக்கு. அதனால என்ன? அவங்க வரட்டும். என் வீட்டுக் கதவு தொறந்துதான் இருக்கு, நான் எங்கயும் ஓடிப் போயிடல.

அந்தப் பொண்ணு என்ன நினைச்சுக்கிட்டிருக்குன்னா, எனக்குப் பதில் தெரியாதுன்னு. தெரியாமலா? அறுபத்துநாலு ஊர் ஏத்தினேனே, முதல்ல ஏத்தினது எந்த ஊரு? ஏத்தி முடிச்சதும் முதல்ல போட்டுப் பாத்தது யாரோட ஜாதகம்? ஆறு பத்து. காலை ஆறு பத்து, புதுக்குடியிருப்பு, பழைய நேரம், மக நட்சத்திரம், ஒண்ணாம் பாதம். அவங்கப்பா கைக்கடிகாரம் சரியாத்தான் இருந்திருக்கு. இதைச் சொல்றதுக்கு எனக்கென்ன பயமா? இதோ உங்ககிட்ட சொல்றேனே, எனக்கு ஒரு கஷ்டமும் இல்லையே.

பழனி வந்துருச்சு. காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்குங்க தம்பி, நான் இறங்கணும்.